தளர்ந்த இருதயமும் நரிக்கையுறையும்

இற்றைக்கு ஏறக்குறைய 250 ஆண்டுகளுக்கு முன்னர், 1775 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் வைத்தியம் செய்துவந்த வில்லியம் விதரிங் என்பாரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்கப்பெற்றது. ஷ்ரொப்ஷயர் மாவட்டத்துக் கிழவி ஒருத்தி அம்மருந்தின் செய்முறையை நெடுங்காலமாக இரகசியமாகப் போற்றி வந்தாள். பட்டம் பெற்ற வைத்தியர்கள் கைவிட்ட நோயாளர் சிலர் அவளுடைய மருந்தினால் குணமடைந்தனர் என்று சொல்லப்பட்டது. மருந்தை உண்டவர் கடுமையாக வாந்தியெடுப்பர், வயிறு போகும், பின்னர் உடம்பின் வீக்கம் வடியும். அதிற் சேர்ந்த மூலிகைகள் இருபதுக்கும் மேற்பட்டவை. இருபது மூலிகைகளுள் இந்தப் பெருவேலையைச் செய்வது எது என்பதே கேள்வி.

விதரிங்குக்கு விடை காண்பது அரிதாயிருக்கவில்லை. மாணவனாக எடின்பரோவிற் பயின்ற காலத்தில் தாவரவியலை அவர் வெறுத்தவர்தாம். ஆயினும் பூக்களை ஓவியமாகத் தீட்டும் வழக்கமுடைய ஒரு நங்கைக்கு வைத்தியம் செய்யப்போய், அவளுக்காகச் செடிகளைத் தேடிப் பறித்துக் கொடுக்கத் தொடங்கி, முடிவில் அவளையே மணந்துகொண்டார். தாவரவியலும் அவரைப் பற்றிக்கொண்டது. 1776 ஆம் ஆண்டில் பிரித்தானியத் தாவரங்கள் அனைத்தையும் வகைப்படுத்தி அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது. இத்தகையவர் கண்ணுக்கு அந்த மூலிகைக் கூட்டத்தில் ஒன்று மட்டும் தனித்துத் தோன்றியது. ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து வளர்ந்து, எள்ளுப்பூவைப் பெரிதாக்கிச் செந்நீலம் தோய்த்தாற்போன்ற மலர்களை வரிசையாகத் தொங்கவிடும் காட்டுச்செடி அது. ஆங்கிலேயர் அதனை ‘பொக்ஸ்குளோவ்’, அதாவது நரியின் கையுறை என்பர். மலரின் வாய்க்குள் விரல் நுழையுமாதலால், ஜேர்மனியத் தாவரவியலார் லெயோன்ஹார்ட் பூக்ஸ் 1542 இல் விரல் என்னும் பொருள்பட ‘டிஜிற்றாலிஸ்’ என்று அதற்கு இலத்தீன் பெயரிட்டிருந்தார்.

அக்காலத்து வைத்தியர்களை அச்சுறுத்திய அந்த நீர்வீக்கம் யாது? தமிழ் வைத்திய நூல்கள் அதனைச் சோபை என்றும், நீர் வயிற்றிற் சேர்ந்து பருத்தவிடத்து மகோதரம் என்றும் வழங்கின. மாலையானதும் கணுக்காலில் சிறிது வீக்கம்; விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கும். சில வாரங்களில் வீக்கம் முழங்காலுக்கும் தொடைக்கும் ஏறும். படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை போதாமல் இரண்டு, மூன்று என அடுக்கி, ஈற்றில் நாற்காலியிலேயே இரவைக் கழிக்க நேரும். இருதயம் இரத்தத்தை முன்னோக்கித் தள்ளும் ஒரு பம்பி. அது தளர்ந்தால், தள்ளப்படாத இரத்தம் வந்த வழியே தேங்குகிறது. இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கசியும்; வலப்பக்கம் தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும் நீர் கோக்கும். சிறுநீரகமோ, தனக்கு வரும் இரத்தம் குறைந்ததைக் கண்டு, உடம்பில் நீர் வற்றிவிட்டதென்று தவறாக எண்ணி, உள்ள உப்பையும் நீரையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவும் இன்று தெரியும். 18 ஆம் நூற்றாண்டில் நீர்வீக்கம் என்பது தனியொரு நோய். அதற்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பு தெளிவாக அறியப்படவில்லை. சிறுநீரக நோயால் வந்த வீக்கமும், ஈரல் நோயால் வந்த வீக்கமும், இருதயத் தளர்ச்சியால் வந்த வீக்கமும் ஒரே பெயரில் ஒரே கட்டிலிற் கிடந்தன.

வைத்தியமோ கொடுமையானது. இரத்தத்தைக் கீறி வடிப்பர். கடும் பேதிமருந்து கொடுப்பர். கடல்வெங்காயக் கிழங்கை ஊட்டுவர். வயிற்றிற் குழாய் செலுத்தி நீரை இறக்குவர். ஆங்கில அகராதி தந்த சாமுவேல் ஜோன்சன் இந்நோயினாலேயே வருந்தினார். 1784 ஆம் ஆண்டு டிசெம்பரில், மரணமடைந்த அந்நாளிலேயே, தேங்கிய நீரை வெளியேற்றும் நோக்கத்துடன் தம் கால்களைத் தாமே கத்தியாற் குத்திக்கொண்டார் அவர். மூச்சு முட்டியவர் எதனையும் செய்யத் துணிவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பேர்மிங்ஹாமில் விதரிங் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ஏழைகள் அவரை நாடி வந்தனர். நரிக்கையுறையை முதன்முதற் சோதித்தது இந்த ஏழைகளிடத்திலேதான். வசதியுள்ளோருக்கு வந்த மருந்துகள் பல முதலில் இல்லாதவர் உடம்பிற் பரீட்சிக்கப்பட்டவை என்பது வைத்திய வரலாற்றில் அடிக்கடி தலைகாட்டும் உண்மை. அதனை மறைப்பதிற் பயனில்லை. தொடக்கத்தில் அவர் கொடுத்த அளவு மிக அதிகம். கிழவியின் மருந்து வாந்தியும் பேதியும் உண்டாக்கியதனால், அவையே குணத்துக்குக் காரணமென்று எல்லோரும் நினைத்தனர். விதரிங் கவனித்தது வேறு: வாந்தியெடுக்காமலும் சிலருக்குச் சிறுநீர் பெருகியது; அவர்களுக்கே வீக்கம் நன்றாக வடிந்தது. எனவே வாந்தி மருந்தின் குணமன்று, அளவு மிஞ்சியதன் அடையாளம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அளவைக் குறைத்தார்.

இதற்கிடையில் அவருக்கு ஊக்கமளித்த செய்தியொன்று கிடைத்தது. ஒக்ஸ்போர்டின் பிறேஸ்னோஸ் கல்லூரித் தலைவர், மார்பில் நீர் கோத்து வருந்தியபோது, எவரோ கொடுத்த நரிக்கையுறை வேரை உண்டு பிழைத்தார் என்பதே அது. ஆனால் வேரின் வலிமை பருவத்துக்குப் பருவம் மாறுபடும். இலையைக் குடிநீராகக் காய்ச்சினாலும் அவ்வாறே. நெருப்பின் அளவும் நேரமும் மருந்தை மாற்றிவிடும். பத்தாண்டு முயன்று விதரிங் கண்ட முறை எளியது. செடி பூக்கத் தொடங்கும் பருவத்தில் இலையைப் பறித்து, காம்பையும் நடுநரம்பையும் நீக்கி, உலர்த்திப் பொடியாக்கி, ஒன்று முதல் மூன்று கிறெயின் எடை வரை நாளுக்கு இருமுறை கொடுப்பது. ஒரு கிறெயின் என்பது 65 மில்லிகிராம் மட்டில். சிறுநீர் பெருகினாலும், குமட்டல் தோன்றினாலும், வயிறு போனாலும், நாடி மெதுவானாலும் உடனே மருந்தை நிறுத்திவிட வேண்டும். இந்நான்கில் எது முதலில் வந்தாலும் அதுவே எல்லை.

எல்லையைக் கடந்தால் நேர்வது என்ன என்பதையும் அவர் எழுதி வைத்தார். யோக்ஷயர் மாகாண வணிகன் ஒருவனுக்கு மூச்சிழுப்பு இருந்தது. அவன் மனைவி பச்சை இலையை ஒரு பெரிய கைப்பிடி அள்ளி, அரைப் பைந்து நீரில் அவித்துக் கொடுக்க, அவன் ஒரே மூச்சிற் குடித்துவிட்டான். விதரிங் சென்று பார்த்தபோது அவன் ஓயாமல் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான், பார்வை மங்கியிருந்தது, நாடி நிமிடத்துக்கு நாற்பது. அரிதிற் பிழைத்தான். அப்பெண்ணுக்குத் தன் ஊர் மருந்து தெரிந்திருந்தது, அதன் அளவு தெரிந்திருக்கவில்லை என்பது விதரிங்கின் கருத்து. மிகுதியாக உண்டவர்க்குப் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும், நாடி முப்பத்தைந்துக்கு இறங்கும், மயக்கமும் மரணமும் நேரலாம் என அவர் வகுத்த அடையாளங்களை இன்றைய வைத்திய மாணவரும் ஏறத்தாழ அதே வரிசையிற் படிக்கின்றனர்.

1785 இல் வெளிவந்தது அவருடைய சிறு நூல். ஏறத்தாழ இருநூறு பக்கம். அதன் பெருமை மருந்தைக் கூறியதில் மட்டுமன்று. தாம் வைத்தியம் செய்த 150 க்கு மேற்பட்ட நோயாளரின் வரலாற்றை ஒன்றன்பின் ஒன்றாக அதில் அவர் வைத்தார். குணமடைந்தோர் மட்டுமல்லர், பயன்பெறாதோர், இறந்தோர், தாம் அளவு மிஞ்சிக் கொடுத்ததனால் துன்பமுற்றோர், எல்லோரும் அதில் இடம்பெற்றனர். வெற்றிகளை மட்டும் தெரிந்தெடுத்துப் போட்டிருந்தால் மருந்துக்கும் தமக்கும் புகழ் பெருகியிருக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். உண்மைக்கு அது அடாது என்று அவரே எழுதினார். நூலை எழுதத் தூண்டியதும் அச்சமே. எடின்பரோ மருந்து நூலில் 1783 இல் நரிக்கையுறை இடம்பெற்றிருந்தது. அளவறியாதோர் கையில் அது பரவிக்கொண்டிருந்தது. ஒருபுறம் உயிர்கள் போகும். மறுபுறம் நல்ல மருந்தொன்று நஞ்செனத் தள்ளப்பட்டுவிடும். இவ்விரண்டினையும் தடுக்கவே குறைபாடுடைய தம் அனுபவத்தை வெளியிடுவதாக அவர் கூறினார்.

இருதயத்தைப் பற்றி அந்நூலில் ஒரு வாசகம் உண்டு. இம்மருந்துக்கு இருதயத்தின் அசைவின்மேல் வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஆற்றல் இருப்பதாகவும், அதனை நன்மைக்குத் திருப்பலாமென்றும் விதரிங் குறித்தார். இன்னொரு குறிப்பும் வியக்கத்தக்கது. உடல் வலுத்து நாடி இறுகியிருப்போர்க்கு இம்மருந்து பயன்படுவது அரிது. நாடி மெலிந்தும் இடையிட்டும் துடிப்போர்க்கே பயன்படுகின்றது என்றார். அந்த இடையிட்ட நாடியின் பொருள் தெளிவாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

புகழில் பங்கு கேட்டவரும் உண்டு. லிச்பீல்ட் நகரத்துப் பெரு வைத்தியர் எராஸ்மஸ் டார்வின், 1776 இல் விதரிங்குடன் சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்த்தவர். அவருடைய மகன் சார்ல்ஸ் 1778 இல் எடின்பரோவில் மாணவனாக இருந்தபோதே இறந்தான். (பரிணாமக் கொள்கை கண்ட சார்ல்ஸ் டார்வினுக்கு இவன் பெரியதந்தை முறை.) மகனின் ஆய்வுரையை 1780 இல் அச்சிட்ட தந்தை, அதன் பின்னிணைப்பாக நரிக்கையுறையினாற் பயன்பெற்ற நோயாளர் சிலரின் வரலாற்றைச் சேர்த்தார், விதரிங்கின் பெயரைச் சேர்க்கவில்லை. அச்சேறிய காலத்தை மட்டும் நோக்கினால் முதன்மை டார்வினுக்கே. இருவர்க்கும் இடையே எழுந்த கசப்பு தீரவேயில்லை. ஒரே அறிஞர் கழகத்தில், ஜேம்ஸ் வாட்டும் யோசப் பிரீஸ்ட்லியும் அங்கம் வகித்த பேர்மிங்ஹாம் சந்திரக் கழகத்தில், இருவரும் தொடர்புடையவர்களாயிருந்தும் இந்நிலை.

விதரிங்கையும் நோய் விடவில்லை. நுரையீரல் நோயினால் நலிந்த அவர் இரண்டு குளிர்காலங்களைப் போர்த்துக்கலிற் கழித்தார். 1799 ஒக்டோபரில் மறைந்தார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்திலுள்ள அவர் நினைவுக்கல்லில் நரிக்கையுறை செதுக்கப்பட்டுள்ளது. அந்தக் கிழவிக்கோ கல்லுமில்லை, பெயருமில்லை. பிற்காலத்து நூல்கள் சில அவளை ‘ஹட்டன் கிழவி’ என்று பெயர்சொல்லி அழைக்கும். அப்பெயர் 1928 இல் அமெரிக்க மருந்து வணிக நிறுவனமொன்று வெளியிட்ட விளம்பர ஓவியத்திற் பிறந்தது. விதரிங்கின் நூலில் இல்லை. அவளை அவர் நேரிற் கண்டார் என்பதற்குக்கூட அந்நூலில் ஆதாரமில்லை.

விதரிங் அஞ்சியதே 19 ஆம் நூற்றாண்டில் நடந்தது. காய்ச்சல், காசம், சன்னி என்று கண்ட நோய்க்கெல்லாம் டிஜிற்றாலிஸ் கொடுக்கப்பட்டது. அளவு பற்றிய எச்சரிக்கை மறக்கப்பட்டது. ஒருவர் அளவுக்கு மிஞ்சிக் கொடுத்து நஞ்சென்றார். மற்றொருவர் வலிமையிழந்த பழைய இலையைக் கொடுத்து வெறும் சருகென்றார். பிரான்சில் நற்றிவெல் என்பார் இலையின் சாரத்தைப் படிகமாக்கியதும், 1875 இல் ஜேர்மனியர் ஷ்மீடபேர்க் டிஜிற்றொக்சின் என்னும் பொருளைத் தூய நிலையிற் பிரித்ததும் அளவுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன.

அக்காலத்து மற்றைய வழிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1866 இல் ரஷ்ய அரச வைத்தியர் கரெல், நோயாளிக்கு வேறுணவின்றி ஆடை நீக்கிய பாலை மட்டும் சிறு சிறு அளவாக நேரந்தவறாமற் கொடுத்தார், வீக்கம் வடிந்தது. பாலுக்கு ஏதோ தனிக்குணம் உண்டென்று மக்கள் எண்ணினர். உண்மையிற் பயன் தந்தது பாலிலிருந்த பொருளன்று, அந்த உணவில் அருகியிருந்த பொருள்: உப்பு. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் வைத்தியர்கள் உப்புக்கும் வீக்கத்துக்கும் உள்ள உறவை வெளிப்படுத்திய பின்னரே இது விளங்கிற்று. மற்றது, 1877 இல் லண்டன் வைத்தியர் ரெஜினல்ட் சதே கண்ட சிறு வெள்ளிக் குழாய்கள். வீங்கிய காலின் தோலில் அவற்றைச் செருகி, இறப்பர்க் குழாயை இணைத்துக் கட்டிலின்கீழ்ப் பாத்திரத்தில் நீரை வடியவிட்டனர். ஜோன்சன் கத்தியாற் செய்ய முயன்றதை ஒழுங்குபடுத்திய முறை என்று சொல்லலாம். இக்குழாய்கள் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வைத்தியசாலைகளிற் பயன்பட்டன.

இனி, அந்த இடையிட்ட நாடியின் கதை. இங்கிலாந்தின் வடக்கே பேர்ன்லி என்னும் நெசவாலை நகரில், 1879 முதல் வைத்தியம் செய்துவந்தார் ஜேம்ஸ் மக்கென்சி. பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வுகூடமோ அவருக்கில்லை. இருதய வால்வு பழுதுற்ற கர்ப்பவதி ஒருத்தி அவருடைய பராமரிப்பிலிருந்தபோது இறந்தாள். அந்த மரணம் அவர் மனத்தை அறுத்தது. எந்த இருதயம் பாரத்தைத் தாங்கும், எது தாங்காது என முன்கூட்டியே அறிய வழியுண்டா? அதனை அறியப் பல்லாண்டுக்காலம் அதே நோயாளரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஊர் வைத்தியனுக்கு மட்டுமே அது கைகூடும். கைநாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒரே தாளில் மையாற் கீறிக் காட்டும் கருவியொன்றை அயலூர்க் கடிகாரத் தொழிலாளி ஒருவரைக்கொண்டு செய்வித்து, ஆயிரக்கணக்கான கீறல்களைச் சேர்த்தார்.

1880 முதல் அவர் கண்காணித்துவந்த பெண்ணொருத்தியின் நாடி, 1890களின் இறுதியில் திடீரென்று முற்றாக ஒழுங்கிழந்தது. கழுத்துச் சிரையின் கீறலில், சோணையறை எனப்படும் மேலறை சுருங்குவதைக் காட்டும் அலை மறைந்துபோயிருந்தது. மேலறை செயலற்றுவிட்டதென்று அவர் கண்டார். ஆய்வுகூடத்தில் நாய்களின் இருதயத்தை ஆராய்ந்த ஆதர் குஷ்னி, இத்தகைய கீறல் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நிலைக்குரியதென்று காட்டினார். ஹொலண்டின் லைடன் நகரில் ஐந்தொவன் சமைத்த மின்வரைவுக் கருவியைக்கொண்டு 1909 இல் லண்டனில் தோமஸ் லூயிஸ் அதனை ஐயமற நிறுவினார். முதலில் அக்கருவி ஓர் அறையை நிறைக்கும். எடை 270 கிலோகிராம். இயக்க ஐவர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் அமிழ்த்தியிருக்க வேண்டும்.

நரிக்கையுறையின் வேலை இப்பொழுது புலனாயிற்று. நடுங்கும் மேலறை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான கட்டளைகளைக் கீழறைக்கு அனுப்புகின்றது. கீழறை 140, 150 எனத் தாறுமாறாகத் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் மறுதுடிப்புக்கும் இடையில் அது நிரம்பவே நேரமில்லை. நிரம்பாத பாத்திரத்தை எத்தனை முறை கவிழ்த்தாலும் நீர் வராது. இரு அறைகளுக்கும் இடையிலுள்ள வழியை டிஜிற்றாலிஸ் குறுக்குகின்றது. கட்டளைகளிற் பல வழியிலேயே தடைப்படுகின்றன. துடிப்பு 70, 80 க்கு இறங்குகின்றது, அறை நிரம்புகின்றது, ஒவ்வொரு துடிப்பும் பயன்தருகின்றது. மெலிந்தும் இடையிட்டும் துடிக்கும் நாடியுடையோர் என விதரிங் விரலாற் தொட்டுணர்ந்தவருட் பலர் இவர்களாகவே இருந்திருக்க வேண்டும். மக்கென்சி 1925 இல் தாமும் இருதய நோயினாலேயே மரணமானார். இறந்தபின் தம் இருதயத்தை அறுத்து ஆராயுமாறு தோழர்களைக் கேட்டிருந்தார். அவர்களும் அவ்வாறே செய்தனர்.

1930 இல் லண்டன் ஆய்வாளர் சிட்னி ஸ்மித், கம்பளிபோல் மயிரடர்ந்த மற்றொரு நரிக்கையுறை இனத்திலிருந்து டிஜொக்சினைப் பிரித்தார். அன்றுமுதல் இலைப்பொடி மெல்ல விடைபெற்றது. நீரை இறக்கும் மருந்துகள் வேறு வழியில் வந்தன. 1919 இல் வியன்னாவில், மேகநோய்க்கென ஒரு பெண்ணுக்கு இரசம் கலந்த புதிய மருந்து ஊசியாற் செலுத்தப்பட்டது. அவளுடைய சிறுநீரை நாள்தோறும் அளந்து தவறாமற் குறித்துவந்த தாதியரின் பதிவேட்டில், ஊசி போட்ட நாளில் அளவு பலமடங்கு ஏறியிருந்தது. ஆல்பிரட் வோகல் என்ற மருத்துவ மாணவன் அதனைக் கவனித்தான். அந்தப் பதிவேடு இல்லாதிருந்தால் கண்டுபிடிப்பும் இல்லை. நாற்பதாண்டுக்காலம் இரச ஊசிகளே ஆண்டன. 1950களின் இறுதியில் தையசைட் குளிசைகளும், 1960களில் புரூசமைட்டும் வந்து அவற்றை நீக்கின.

ஓய்வைப் பற்றிய எண்ணமும் இக்காலத்தில் அசைந்தது. தளர்ந்த இருதயத்துக்குப் படுக்கையே மருந்து என வாரக்கணக்கில் நோயாளரைக் கிடத்துவது வழக்கம். கிடந்தவரின் கால்களில் இரத்தம் கட்டிபட்டது; அக்கட்டி நுரையீரலை அடைந்தால் மரணம். மாரடைப்பு வந்தோரைச் சில நாளிலேயே நாற்காலியில் அமர்த்தலாமென 1952 இல் பொஸ்ரன் நகரத்து சாமுவேல் லெவினும் பேர்னாட் லவுனும் எழுதியபோது வைத்திய உலகம் திடுக்கிட்டது. 2009 இல், இருதயத் தளர்ச்சியுடைய 2331 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு, மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி அவர்களுக்குத் தீங்கற்றதென்றே காட்டிற்று.

இவற்றினும் பெரிய திருப்பம் இருதயத்தைப் பற்றிய கருத்தில் நேர்ந்தது. விதரிங் காலம் முதல் வைத்தியரின் எண்ணம் ஒன்றே: தளர்ந்ததை ஊக்க வேண்டும். ஆனால் தளர்ந்த இருதயத்தை உடம்பே ஏற்கெனவே ஓயாமல் ஊக்கிக்கொண்டிருக்கிறது. அட்ரினலின் இனச் சுரப்புகள் அதனை விரட்டுகின்றன. வேறு சில சுரப்புகள் இரத்தக்குழாய்களை இறுக்கி, உப்பைத் தேக்குகின்றன. காயமுற்று இரத்தமிழந்தவனைக் காக்க இயற்கை வகுத்த ஏற்பாடு இது; சில மணி நேரத்துக்கு நன்று. மாதக்கணக்கில் நீடித்தால், மேட்டில் ஏறமாட்டாத வண்டிமாட்டைத் துவரங்கம்பால் அடித்துக்கொண்டேயிருப்பதற்கு ஒப்பாகும். பாரத்தை இறக்குவதும் அடியை நிறுத்துவதுமே வழி.

பாரத்தை இறக்கும் மருந்து பாம்பின் நஞ்சிலிருந்து வந்தது. பிறேசில் நாட்டு ஜரராக்கா விரியன் தீண்டியவர்க்கு இரத்த அமுக்கம் வீழ்ந்துவிடும். அந்நஞ்சின் கூறொன்றை 1965 இல் சேர்ஜியோ பெரெய்ரா விவரித்தார். அதனைப் பின்பற்றி அமெரிக்காவில் குஷ்மன், ஒண்டெற்றி என்னும் இருவர் அமைத்த கப்ரொபிரில் 1981 இல் விற்பனைக்கு அனுமதி பெற்றது. அதே இனத்து எனலபிரில் மருந்தை மிகக் கடுமையான இருதயத் தளர்ச்சியுடையோர்க்குக் கொடுத்துப் பார்த்த ஸ்கண்டிநேவிய ஆய்வு 1987 இல் வெளிவந்தது. நோயாளர் 253 பேர். ஆறு மாதத்துள், வெற்றுக் குளிசை உண்டோரில் நூற்றுக்கு 44 பேர் இறந்தனர். மருந்துண்டோரில் 26 பேர். தளர்ந்த இருதயத்தின் ஆயுளை மருந்து நீட்டும் என்பதற்கு இத்துணை உறுதியான சான்று அதற்கு முன் அரிது.

அடியை நிறுத்தும் மருந்துக்கு நேர்ந்தது நீண்ட காத்திருப்பு. அட்ரினலினைத் தடுக்கும் ‘பீற்றா’ தடுப்பு மருந்துகளை 1960களிலேயே ஜேம்ஸ் பிளாக் தந்திருந்தார். மார்வலிக்கும் இரத்த அமுக்கத்துக்கும் அவை வழங்கின. இருதயத் தளர்ச்சியில் அவற்றைத் தொடலாகாதென்று பாடநூல்கள் விலக்கின. சுவீடனின் கோத்தன்பேர்க் நகரில் வாக்ஸ்டீனும் தோழர்களும் விலக்கை மீறிச் சிறு அளவில் ஏழு நோயாளர்க்குக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1975 இல் வெளியிட்டனர். ஏழு பேர்தானே என்று உலகம் கைவிரித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, 1999 இல் முடிவு வெளியான இரு பெரும் ஆய்வுகளில் மரணம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. அந்த இருபது ஆண்டில் பாடநூலை நம்பி இம்மருந்து மறுக்கப்பட்டோரின் தொகையை எவரும் கணக்கிடவில்லை.

நரிக்கையுறைக்கும் நியாயத்தலம் வந்தது. 6800 நோயாளரைக்கொண்டு, அவர்களுட் பாதிப் பேருக்கு டிஜொக்சினும் மறுபாதிக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து, ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய ஆய்வின் தீர்ப்பு 1997 இல் வெளிவந்தது. இவர்கள் ஒழுங்கான துடிப்புடையோர். இறந்தோர் தொகை இருபுறமும் சமம். நூற்றுக்கு 35 மட்டில். எனினும் நோய் முற்றி வைத்தியசாலைக்குச் செல்வது மருந்துண்டோரில் நூற்றுக்கு 28 அளவு குறைந்தது. ஆயுளைக் கூட்டாது, அவதியைக் குறைக்கும் என்பது தீர்ப்பு. அதே பதிவுகளை மறுபடியும் ஆராய்ந்தோர் 2003 இல் ஒன்று கண்டனர்: இரத்தத்தில் மருந்து குறைவாக இருந்தோரே நன்மையடைந்தனர், மிகுந்திருந்தோரில் மரணம் அதிகம். பேர்மிங்ஹாம் வைத்தியர் அளவைக் குறைத்ததன் நியாயம் இரத்தப் பரிசோதனையால் உறுதிப்பட இருநூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2025 இல் ஜேர்மனியரின் தலைமையில் நடந்த ஆய்வொன்று, பழைய டிஜிற்றொக்சினைக் குறைந்த அளவிற் கொடுத்தபோது மரணமும் வைத்தியசாலைச் சேர்க்கையும் சேர்ந்த தொகை குறைந்ததென அறிவித்தது.

இலங்கை நேயர்களுக்கு இந்நஞ்சின் இனம் புதிதன்று. வேலியோரங்களில் மஞ்சட் பூவுடன் நிற்கும் அலரி, நரிக்கையுறைக்குத் தூரத்து உறவுகூட இல்லாத செடி. ஆயினும் அதன் விதையிலுள்ள நஞ்சு இருதயத்தைத் தாக்குவது டிஜிற்றாலிஸ் தாக்கும் அதே வழியில். டிஜொக்சின் மிஞ்சியவரைக் காக்க, செம்மறியாட்டின் இரத்தத்திலிருந்து ஒரு மாற்றுமருந்து உருவாக்கப்பட்டு, 1976 இல் மனிதரிற் பயன்பட்டது. அம்மாற்றுமருந்து அலரி நஞ்சையும் முறிக்குமென்பதை முறையான பரிசோதனையால் நிறுவியது கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நடந்த ஆய்வு; அதன் முடிவு 2000 ஆம் ஆண்டில் லண்டன் வைத்திய ஏடொன்றில் வெளிவந்தது.

இன்று இருதயத் தளர்ச்சிக்கு முதலில் எழுதப்படும் குளிசைகளுள் டிஜொக்சின் இல்லை. பின்வரிசையில், துடிப்பு ஒழுங்கிழந்தோர்க்கும் மற்ற மருந்துகளாற் தீராதோர்க்கும் அது நிற்கின்றது. முன்வரிசையில் 2019 க்குப் பின் சேர்ந்தது நீரிழிவுக்கென ஆக்கப்பட்ட ஒரு மருந்தினம். சிறுநீர்வழியே சீனியை வெளியேற்றும் அதன் மூலப்பொருள் 1835 இல் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரிக்கப்பட்டது. நோயாளர் காலைதோறும் தம் எடையை நிறுத்துக் குறித்துவைக்குமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். சில நாளுக்குள் இரண்டு கிலோகிராம் ஏறினால் அது கொழுப்பன்று, நீர். கணுக்கால் வீங்குமுன்னரே தராசு அதனைச் சொல்லிவிடும்.